பரிணாமம் அடைவது எது?

பரிணாமத்தைப் பற்றி அறிவியல் சொல்வதும் ஆன்மிகம் சொல்வதும் ஒன்றுதானா, ஒன்றுதான் என்றால் டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் அதைச் சொல்லிவிட்டார்கள் என்று கொள்ளலாமா, வேறுவேறு என்றால் இரண்டில் எதை ஏற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு வகையான பதில்களே கிடைக்கின்றன. ஒரு சாரார் சிவபுராணத்தையும் தசாவதாரத்தையும் எடுத்துக்காட்டி, எல்லாம் அங்கேயே இருக்கிறது என்பார்கள். மறு சாரார் ஆன்மிகம் என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே அது அறிவியலுக்கு முந்திய அறியாமை என்று ஒதுக்கிவிடுவார்கள். பரிணாமம் அடைவது எது என்ற முதல் கேள்வியை இரு சாராருமே கேட்பதில்லை என்பது என் கருத்து.

அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறுபாடு உடனே தெளிவாகிவிடும். உயிரியலைப் பொறுத்தவரை பரிணாமம் அடைவது ஓர் இனக்கூட்டம், அதாவது ஒரே இடத்தில் வாழும் ஒரே இன உயிர்களின் கூட்டம். தனி உயிர் எதுவும் தன் வாழ்நாளில் பரிணாமம் அடைவதில்லை, அது பிறந்த மரபணுக்களுடனேயே இறக்கிறது, தலைமுறைகள் கடக்கும்போது கூட்டத்துக்குள் எந்த மரபணு எவ்வளவு இருக்கிறது என்ற விகிதமே மாறுகிறது. நம் ஆன்மிக மரபுகளில், குறிப்பாகச் சைவ சித்தாந்தத்தில், மாறுவது தனி ஆன்மா. புல் புல்லாகவும் புழு புழுவாகவும் அப்படியே இருக்க, ஆன்மா அவற்றின் வழியாகக் கடந்து செல்கிறது. ஒன்றில் பயணி இல்லாத பயணம். மற்றொன்றில் பயணியே எல்லாம். இவ்வளவு அடிப்படையான இடத்தில் பிரிந்துவிடும் இரண்டு கருத்துகளை, இரண்டுமே புழுவையும் மனிதனையும் ஒரே மூச்சில் பேசுகின்றன என்பதற்காக ஒன்றென்று சொல்வது இரண்டுக்குமே நியாயம் ஆகாது.

உயிரியலின் விளக்கத்தை நமக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் பண்பு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. அதன் விளைவாகப் புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாறிய மரபணுவைப் பெறும் குழந்தையின் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாள் வடிவில் வளைந்து நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. அதனால் வரும் வலியும் இரத்தசோகையும் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் பெறும் குழந்தைக்கு அந்த நோய் பொதுவாக வருவதில்லை. அதோடு, கடுமையான மலேரியாவிலிருந்து அதற்குக் கணிசமான பாதுகாப்பும் கிடைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வின் அடிப்படையில் அந்தோணி ஆலிசன் 1954-இல் இந்தத் தொடர்பை நிறுவினார். மலேரியா நெடுங்காலம் ஆட்சி செய்த நிலங்களில், ஒரு பிரதியை மட்டும் சுமந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்கள், அதிகமாகப் பிள்ளை பெற்றார்கள். எனவே இரட்டைப் பிரதி பெறும் குழந்தைகளைத் துன்புறுத்தும் அந்த மரபணு கூட்டத்திலிருந்து மறைந்துபோகாமல் தங்கிவிட்டது.

இயற்கைத் தேர்வு என்ற கருத்தின் எல்லா உறுப்புகளும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கியிருக்கின்றன. ஒரே கூட்டத்தில் பிறப்பவர்களிடையே வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாடு அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு சூழலில் சில வேறுபாடுகள் பிழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் மற்றவற்றைவிட உதவுகின்றன. காலப்போக்கில் அவை பெருகுகின்றன. பரிணாமம் முழுக்க முழுக்கத் தற்செயல் என்று சொல்பவர்கள் இதில் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள். மரபணுவில் தோன்றும் மாற்றம் உயிரின் தேவையை அறிந்து தோன்றுவதில்லை என்ற அளவில் அது தற்செயல்தான். ஆனால் தோன்றியவற்றில் எது நிலைக்கிறது என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது, அது தற்செயல் அன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மலேரியாவை ஒழிக்க ஓர் அறிவாளி திட்டமிட்டிருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தையை நோயாளியாக்கும் வழியை அவர் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். இயற்கைத் தேர்வுக்கு முன்னோக்கு இல்லை. கையில் கிடைத்ததை வைத்து, அந்தத் தலைமுறைக்கு எது உதவியதோ அதைத் தக்கவைக்கிறது.

'குரங்கு மனிதனானதைக் கண்ணால் கண்டவர் யார்?' என்ற கேள்வி நம் நாட்டில் அமைச்சர் நிலையில் இருந்தவராலேயே 2018-இல் எழுப்பப்பட்டது. இன்றைய குரங்கு எதுவும் மனிதனாக மாறியது என்று எந்த உயிரியல் நூலும் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது என்பதே கூற்று. அதற்கான தடயம் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. நம் இரண்டாம் குரோமோசோம், அவற்றில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியதால் உண்டானது. குரோமோசோமின் முனையில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசை அதன் நடுவிலும் இருப்பதும், செயலிழந்த இரண்டாவது மையப்பகுதி ஒன்று எஞ்சியிருப்பதும் அந்த ஒட்டலின் சாட்சிகள்.

எலும்பிலும் சாட்சி கிடைக்கிறது, அதுவும் இந்தத் துணைக்கண்டத்திலேயே. இந்திய நிலவியலாளர் ரங்கா ராவ் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியிலிருந்து சேகரித்து வைத்திருந்த பாறைகள், அவருடைய மறைவுக்குப் பின் அவர் மனைவி வழியாக ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் சென்றன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட இந்தோஹையஸ் என்ற விலங்கு, பூனை அளவே உள்ள, குளம்புக் கால்களையுடைய நிலவிலங்கு. ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் காதெலும்பின் தடித்த உட்சுவர், திமிங்கிலக் குடும்பத்துக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்ட அடையாளம். 2007-இல் இந்தச் செய்தி வெளியானபோது, பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீட்டஸ் முதலிய பழந்திமிங்கிலங்களுக்கும் நிலவிலங்குகளுக்கும் இடையிலான உறவு மேலும் நெருக்கமாகத் துலங்கியது. திமிங்கிலம் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய பாலூட்டி என்பது இன்று ஊகம் அன்று. இடைநிலை வடிவங்கள் வரிசையாகக் கிடைத்துள்ள ஒரு வரலாறு.

இந்த வரலாற்றில் மேலே, கீழே என்ற அளவுகோல் கிடையாது. நிலத்துக்கு ஏறி வந்தவற்றின் வாரிசு மீண்டும் நீருக்குள் போனால் அது சரிவு ஆகாது. குடலில் வாழும் நாடாப்புழு தன் உணவுக்குழாயையே இழந்துவிட்டது. அதற்கு அதுதான் தகவமைப்பு. பாக்டீரியா 350 கோடி ஆண்டுகளாகப் பாக்டீரியாவாகவே இருந்து நம் அனைவரையும்விட எண்ணிக்கையில் மிகுந்திருக்கிறது. மனிதன் உச்சியில் நிற்கும் ஏணிப் படம் பள்ளிச் சுவர்களில் இன்றும் தொங்குகிறது; உயிரியல் அந்தப் படத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது.

ஆயினும், திசை என்ற கேள்வியே அறிவியலுக்குள் முடிந்துபோய்விட்டது என்றும் சொல்லிவிட முடியாது. உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் ஒரே வகைப் பாக்டீரியாவை 12 குடுவைகளில் தனித்தனியாக வளர்க்கத் தொடங்கினார். பன்னிரண்டும் பல வகைகளில் ஒரே போக்கில் மாறின. ஆனால் ஏறத்தாழ 31,500 தலைமுறைகளுக்குப் பின், ஆக்சிஜன் உள்ள நிலையில் சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாகக்கொள்ளும் ஆற்றல் ஒரே ஒரு குடுவையில் தோன்றியது. பரிணாமத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டினால் மனிதன் தோன்றியிருக்க மாட்டான் என்றார் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். கூல்ட் தம் வாதத்துக்கு ஆதாரமாகக் கொண்ட, கனடாவின் பர்ஜஸ் பாறைப் படிவங்களை நேரடியாக ஆராய்ந்த சைமன் கான்வே மாரிஸோ, கண்ணைப் போன்ற உறுப்புகள் தொடர்பற்ற கிளைகளில் திரும்பத் திரும்பத் தோன்றியிருப்பதைக் காட்டி, வழிகள் சிலவே என்பதால் அறிவுள்ள உயிர் எப்படியும் தோன்றியிருக்கும் என்று வாதிட்டார். இருவரும் இயற்கைத் தேர்வை ஏற்றவர்கள். இருவரும் பேசியது சான்றுகளை வைத்து. பரிணாமத்தில் ஒரு போக்கு இருக்கிறதா என்பது ஆராயத்தக்க கேள்வி. அந்தப் போக்குக்கு ஒரு நோக்கம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான கருவி உயிரியலிடம் இல்லை.

இனி ஆன்மிகத்தின் பக்கம். தமிழில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வருவது மாணிக்கவாசகரின் சிவபுராண வரிகள்:

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்
வல்லசுர ராகி முனிவராய்த் தேவராய்ச்
செல்லாஅநின்ற இத்தாவர சங்கமத்துள்
எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்

இதைப் பரிணாம வரிசை என்று கொள்பவர்கள் இரண்டாம் அடி முதல் நான்காம் அடி வரை மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டும். பறவைக்குப் பின் பாம்பு வருகிறது, பாம்புக்குப் பின் கல் வருகிறது, மனிதனுக்குப் பின் பேயும் அசுரரும் வருகிறார்கள். இது படிப்படியாக ஏறும் வரிசையாக அமையவில்லை. அப்படி அமைக்க வேண்டும் என்று அடிகளாரும் கருதவில்லை. அவர் சொல்ல வந்தது, எடுக்காத பிறப்பு ஒன்றும் மிச்சமில்லை, இனியும் பிறக்க என்னால் இயலாது, என்னை ஏற்றுக்கொள் என்ற முறையீடு. உயிர்களின் வரலாற்றை எழுத அமர்ந்தவரின் குரல் இப்படி இருக்காது. இந்தப் பாடலை டார்வினுக்குச் சான்றாக்கும்போது டார்வினுக்குப் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. பாடலின் உயிரான அந்தக் களைப்பும் கண்ணீரும் நம் கையைவிட்டுப் போகின்றன. திருவாசகத்தை நேசிப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

சைவ சித்தாந்தம் இந்த அனுபவத்தை ஒரு முறையான கோட்பாடாக அமைத்தது. ஆன்மா படைக்கப்பட்டது அன்று, அது அநாதி, தொடக்கம் இல்லாதது. ஆணவம் என்ற மலம், அதாவது அறிவை மறைக்கும் அழுக்கு, அதை அநாதியாகவே மறைத்துக்கொண்டிருக்கிறது. உடல், மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள்கள் ஆகியவை தனு, கரணம், புவனம், போகம் என்று பெயர் பெற்று, ஆன்மா பக்குவம் அடைவதற்காக மாயையிலிருந்து அதற்குத் தரப்படுகின்றன. வினைகளை நுகர்ந்து நுகர்ந்து மலம் பக்குவப்படும்போது அருள் பதிகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், எண்பத்து நான்கு நூறாயிரம் பிறப்பு வேறுபாடுகளையும் கடந்து மானிடப் பிறவிக்கு வந்து சேர்வது கடலைக் கையால் நீந்திக் கரையேறுவதற்கு ஒப்பானது என்றார். இங்கே பரிணாமம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது பக்குவம்தான். அது முன்னோக்கியும் போகும், பின்னோக்கியும் போகும். மனிதப் பிறப்பை அடைந்த ஆன்மா மீண்டும் விலங்காகப் பிறக்கவும் கூடும்.

திருவானைக்கா சிலந்தியின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இறைவனுக்கு வலையால் பந்தலிட்ட சிலந்தி, அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பெரியபுராணம் பாடுகிறது. சிலந்திக்கும் அரசனுக்கும் இடையில் மீனும் இல்லை, பல்லியும் இல்லை, குரங்கும் இல்லை. அந்தச் சிலந்தியின் சந்ததி இன்னும் சிலந்தியாகவே வலை பின்னிக்கொண்டிருக்க, அதன் அன்பு மட்டும் அரசனின் உடலில் தொடர்கிறது. உயிரியலில் உடல் தொடர்கிறது, தனி உயிர் முடிந்துவிடுகிறது. இங்கே தனி உயிர் தொடர்கிறது, உடல் முடிந்துவிடுகிறது. இதைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டை விளக்க எனக்குத் தெரியாது.

தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பையும் சிலர் பரிணாமம் என்கிறார்கள். புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, மக்கள் ஆறறிவு என்று புலன்களின் அடிப்படையில் உயிர்களை வகைப்படுத்தியது வியக்கத்தக்க கூர்நோக்கு. ஆனால் வகைப்பாடு வேறு, ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது என்ற கூற்று வேறு; இரண்டாவதைத் தொல்காப்பியம் சொல்லவில்லை. தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்ற வரிசை பரிணாமத்தைக் குறிக்கிறது என்ற விளக்கத்தைப் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1877-இல் வெளியிட்ட நூலிலேயே காணலாம். டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல். டார்வினைப் படித்தவர்களின் கண்ணுக்குத்தான் அவதாரங்கள் அப்படித் தெரியத் தொடங்கின. பக்தருக்கு அவதாரம் என்பது முழுமையான பரம்பொருள் விரும்பி இறங்கி வருவது. அதில் மீன் என்பது வளர்ச்சி குறைந்த நிலை ஆகாது.

இரண்டையும் உண்மையாகவே இணைக்க முயன்றவர்களும் உண்டு. அவர்களை மேற்கண்டவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், நான்காம் பாதத்தின் இரண்டாம், மூன்றாம் சூத்திரங்கள், ஒரு பிறவி வகை வேறொரு வகையாக மாறுவது இயற்கையின் நிறைவால் நிகழ்கிறது என்றும், உழவர் வரப்பை வெட்டிவிட்டால் நீர் தானே பாய்வது போலத் தடை நீங்குவதே அதற்குப் போதும் என்றும் சொல்கின்றன. 1896-இல் வெளிவந்த தம் ராஜயோக உரையில் விவேகானந்தர் இதை எடுத்துக்கொண்டு, போட்டியும் பாலினத் தேர்வும் மட்டும் பரிணாமத்தை விளக்கப் போதா என்றும், முழுமை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அது வெளிப்படத் தடையை நீக்க வேண்டியதே வேலை என்றும் வாதிட்டார். விலங்குலகில் போட்டியின் இடத்தை அவர் மறுக்கவில்லை; மனித வளர்ச்சிக்கு அதை விதியாக்குவதைத்தான் ஏற்கவில்லை. பலவீனர் அழிவதே இயற்கையின் நியாயம் என்ற பேச்சு அரசியலாகவும் வணிகமாகவும் பரவிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அப்படிச் சொன்னது முக்கியமானது.

இந்த முயற்சியை மிக விரிவாகச் செய்தவர் ஸ்ரீ அரவிந்தர். டார்வின் உயிரோடிருந்த 1879-ஆம் ஆண்டிலேயே சிறுவனாக இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் வரை படித்து, 1893-இல் நாடு திரும்பி, 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, 1950-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தவர். 1914-இல் தொடங்கிய ஆர்யா இதழில் தொடராக எழுதிய தம் பெருநூலில் அவர் வைக்கும் வாதம் இது: சடப்பொருளிலிருந்து உயிரும் உயிரிலிருந்து மனமும் வெளிப்பட்டிருக்கின்றன, இல்லாத ஒன்று தோன்ற முடியாது என்றால், உயிரும் மனமும் சடத்துக்குள் ஏற்கெனவே ஒடுங்கியிருந்திருக்க வேண்டும், எனவே பரிணாமத்துக்கு முன் ஓர் ஒடுக்கம் நிகழ்ந்திருக்கிறது, பேருணர்வு தன்னைச் சடமாக மறைத்துக்கொண்டது, இப்போது படிப்படியாக வெளிப்படுகிறது. அப்படியானால் மனத்தோடு அது நின்றுவிட வேண்டிய காரணம் இல்லை. மனிதன் ஓர் இடைநிலைப் பிறவி. மாணிக்கவாசகர் பிறவியிலிருந்து விடுபடக் கெஞ்சினார். அரவிந்தர் இந்த மண்ணிலேயே, இந்த உடலிலேயே அடுத்த படி மலர வேண்டும் என்றார். பழைய மரபிலிருந்து இது பெரிய விலகல். உலக வரலாற்றுக்கே ஆன்மிக அர்த்தம் தேடும் இந்த நாட்டம் 19-ஆம் நூற்றாண்டின் அறிவியல் இல்லாமல் இந்த வடிவில் எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவரைச் சான்றாகக் காட்டுபவர்கள் பலரும் கவனிக்காத ஒன்றை அரவிந்தரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆன்மிகப் பரிணாமக் கொள்கையும் உருவங்களின் பரிணாமம் பற்றிய அறிவியல் கொள்கையும் ஒன்றல்ல. முன்னது தன் சொந்த நியாயத்தின் மீதே நிற்க வேண்டும். அறிவியலின் விவரங்களை அது துணையாக ஏற்கலாம், ஆனால் அந்தத் துணை இன்றியமையாதது அன்று என்பது அவர் நிலைப்பாடு. அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

கத்தோலிக்க உலகில் இதற்கு இணையாக நின்றவர் தெயார் த ஷார்தான். ஏசு சபைத் துறவியும் தொல்லுயிரியலாளருமான அவர், சீனாவில் பீக்கிங் மனித எச்சங்கள் கிடைத்த அகழ்வுகளில் பங்குபெற்றவர். பரிணாமம் முழுவதும் உணர்வின் பெருக்கத்தை நோக்கி, இறுதியில் ஒமேகா என்ற ஒரு புள்ளியை நோக்கி நகர்கிறது என்றார். அவருடைய முதன்மை நூலை வாழ்நாளில் வெளியிடச் சபை இசையவில்லை. அவர் மறைந்த 1955-லேயே அது வெளிவந்தது. உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1961-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். திருச்சபை தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்துக்கொண்டது: உடல் பரிணாமத்தால் வந்திருக்கலாம் என்று ஆராய 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் இடமளித்தார், 1996-இல் இரண்டாம் யோவான் பவுல் பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்றார், ஆன்மாவை மட்டும் இறைவன் நேரடியாகப் படைக்கிறார் என்பதில் இருவரும் உறுதியாக நின்றார்கள்.

இரண்டும் வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று சொல்லிச் சமாதானமாக முடித்துவிடலாமா என்றால், முடியாது. உண்மையான உரசல் இருக்கிறது. ஆன்மிகப் பரிணாமவாதிகள் அனைவரும், வெளிப்படுவது ஏற்கெனவே உள்ளே இருந்தது என்கிறார்கள். இல்லது தோன்றாது என்பது நம் தத்துவங்களில் பலவற்றுக்கு அடித்தளம். உயிரியலோ, சிட்ரேட்டை உண்ணும் ஆற்றல் முதல் பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருக்கவில்லை, மரபணுக்கள் படியெடுக்கப்பட்டு இடம் மாறியதால் அது புதிதாக உண்டானது என்று காட்டுகிறது. பொருள் நிலையில் புதுமை தோன்ற முடியும் என்பதை மறுக்கும் ஆன்மிகம் சான்றோடு மோதும். உணர்வைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லும் ஆன்மிகம் மோதாது, ஏனெனில் உணர்வு எப்படி உண்டாகிறது என்பதற்கு அனைவரும் ஏற்கும் அறிவியல் விளக்கம் இன்னும் இல்லை.

துன்பம் இரண்டாவது உரசல். டார்வின் 1860 மே 22-இல் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள்ளிருந்தபடியே அதைத் தின்று வளரும் குளவி இனத்தை, அன்பும் எல்லா வல்லமையும் உடைய இறைவன் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். கிரே பக்திமான், டார்வினின் நண்பர், ஆதரவாளர், மாறுபாடுகளை இறைவன் நெறிப்படுத்துகிறார் என்று கருதியவர். டார்வின் அதை ஏற்கவில்லை. நம் மரபில் துன்பத்துக்கு வினை என்ற விடை இருக்கிறது. ஆனால் அரிவாள் செல் நோயால் துடிக்கும் குழந்தையின் தாயிடம் அது உன் பிள்ளையின் பழைய வினை என்று சொல்வது கொடுமை. அந்த வலிக்கு உடனடிக் காரணம் மரபணு. அதைப் பரிசோதனையால் முன்பே அறியலாம், மருத்துவத்தால் தணிக்கலாம். வினைக் கொள்கை ஒருவர் தம் துன்பத்தைத் தாமே தாங்கிக்கொள்ள உதவும் அளவில்தான் அறம். பிறர் துன்பத்தைப் பார்த்துக் கைகட்டி நிற்க அதைப் பயன்படுத்தியவர்கள், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்க அதைப் பயன்படுத்தியவர்கள், அதன் பொருளையே சிதைத்தவர்கள். அதே போல, யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற, 1883-இல் கால்ட்டன் பெயரிட்ட மேல்பிறப்பியலின் பேரால் ஏழைகளையும் நோயாளிகளையும் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கியவர்கள் பரிணாமத்தைச் சிதைத்தார்கள்.

பள்ளியில் எதைக் கற்பிப்பது என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. 2023-இல் மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தது சரியான செயல். அறிவியல் வகுப்பில் இந்தோஹையஸும் இரண்டாம் குரோமோசோமும் இடம்பெற வேண்டும். திருவாசகம் தமிழ் வகுப்பில் திருவாசகமாகவே இடம்பெற வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் மாணவருக்கு இரண்டுமே கிடைக்காமல் போகும்.

எதை ஏற்பது என்ற உங்கள் இறுதிக் கேள்விக்கு ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்லலாம். 1858-இல் டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்கு எழுதி, இயற்கைத் தேர்வைத் தாமே தனியாகக் கண்டறிந்ததைக் காட்டியவர் அவர். 1869-இல் அவரே, மனித மூளையை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது, அதற்கு ஒரு மேலான அறிவு துணைநின்றிருக்க வேண்டும் என்று எழுதினார். நம் இருவரின் குழந்தையையும் நீங்கள் முற்றிலும் கொன்றுவிடவில்லை என்று நம்புகிறேன் என்று டார்வின் வருந்தினார். வாலஸ் செய்தது, அன்று விளக்கம் கிடைக்காத ஓர் இடத்தில் ஆன்மிகத்தை அமரவைத்தது. மூளையின் பரிணாமம் பற்றிய அறிவு வளர வளர அந்த இடம் சுருங்கியது. அதோடு அவர் வாதமும் சுருங்கியது. சைவ சித்தாந்தத்துக்கு அந்த இடைவெளி தேவையே இல்லை. அது மூளையைக் கரணங்களின் வரிசையில் வைக்கிறது. கரணம் எப்படி உருவானது என்பதை உயிரியல் கடைசி அணு வரை விளக்கிவிட்டாலும், அதைக் கொண்டு அறிகிறவன் யார் என்ற கேள்வி அதற்கு அப்படியே நிற்கும். அந்தக் கேள்விக்கு அது தரும் விடையை ஏற்பதும் மறுப்பதும் தத்துவ ஆராய்ச்சியாலும் ஒருவர் தம் உள்ளத்தில் மேற்கொள்ளும் சாதனையாலும் முடிவாக வேண்டியவை. காலாகோட் பாறைகளிடம் அதற்கான விடையை யாரும் கேட்க வேண்டியதில்லை.